சொல்லாமல் போனவர்களின் சந்தா

2022 மார்ச் கடைசியில் இலங்கையில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. ஊரை எல்லாம் ஆங்கில எழுத்துகளால் பிரித்து, எந்தப் பிரிவில் எத்தனை மணிக்குக் கரண்ட் போகும் என்று ஓர் அட்டவணை வரும். ஹட்டன் பஸ் நிலையத்தில் நிற்கிறவர் தொடக்கம் தோட்டத்துக் கடைக்காரர் வரை எல்லாருடைய போனிலும் அந்த அட்டவணை இருந்தது. அரிசியை எப்போது வேக வைப்பது, போனை எப்போது சார்ஜ் போடுவது என்று பார்க்க மற்றவர்கள் அதைத் திறந்தார்கள். நான் திறந்தது வேறு ஒன்றுக்கு. கொழும்பில் இருந்த ஒரு சேர்வரின் மெமரி ஏன் ஏறிக்கொண்டே போகிறது என்பதற்கான விடை அதில் இருந்தது.

நான் பார்க்கிற வேலை, கணினிகளையும் கருவிகளையும் கண்காணிக்கிற மேலாண்மை மென்பொருள். டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவை, அக்கரப்பத்தனை பக்கத்துத் தோட்டங்கள் சிலவற்றின் ஒபிஸ், பெக்டரி, கொழுந்து மடுவம் ஆகியவற்றில் உள்ள ரவுட்டர், யூபிஎஸ், கணினி, மின்தராசு எல்லாம் ஒரு சேர்வரோடு பேசும். கொவிட் காலத்தில் கொழும்பை விட்டு வீட்டிலிருந்து வேலை என்று கொட்டகலைக்கு வந்தவன், பிறகு திரும்பிப் போகவில்லை. கருவிகள் இருக்கிற இடத்தில் நானும் இருப்பது வேலைக்கு வசதி என்று நிறுவனமும் விட்டுவிட்டது.

இந்த மாதிரி மென்பொருளில் இரண்டு வழி உண்டு. ஒன்று, நிமிடத்துக்கு ஒரு தரம் போய் "என்ன நிலைமை" என்று கேட்டுக்கொண்டே இருப்பது. மற்றது சந்தா. "யூபிஎஸ் பற்றரிக்கு மாறினால் எனக்குச் சொல்லு", "தராசின் கணக்கு ஏறாமல் நின்றால் எனக்குச் சொல்லு" என்று ஒரு முறை பதிந்துவிட்டுப் பேசாமல் இருக்கலாம். நடந்தால் தகவல் வரும். தொடர்பு மெதுவான மலைப்பகுதியில் இரண்டாவது வழிதான் சரி. ஆயிரம் தரம் கேட்டு "ஒன்றுமில்லை" என்ற பதிலை ஆயிரம் தரம் வாங்குவதற்கு எங்கள் பக்கத்து சிக்னல் இடம் தராது.

தராசின் விஷயம் சின்னதல்ல. மடுவத்தில் நிறுக்கிற கொழுந்து அன்றைக்கே கணக்கில் ஏறவேண்டும். குறித்த கிலோ வராவிட்டால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான். தராசு நிறையைக் காட்டியும் கணக்கு வந்து சேராமல் போனால், கொழுந்து எடுத்த அக்கா பின்னேரம் கணக்கப்பிள்ளையோடு வாதாடி நிற்கவேண்டும். ஆகவே அந்தத் தகவல் யாராவது ஒருவரின் திரையில் உடனே வரவேண்டும், அதற்குத்தான் சந்தா.

சந்தா ஒன்று பதியப்படும்போது சேர்வருக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லிவிட்டால் மீதிக் கதை தானாக விளங்கும். ஒரு பட்டியலில் சந்தாதாரரின், அதாவது தகவல் கேட்டுப் பதிந்த தோட்டத்துக் கணினியின், பெயர் ஏறும். அவருக்கென்று அனுப்பவேண்டிய தகவல்களை அடுக்கி வைக்க ஒரு வரிசை திறக்கப்படும். அவரோடு பேச ஒரு சொக்கெட் திறந்திருக்கும். லினக்ஸில் அது ஒரு கோப்பு எண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நான் பார்த்த மென்பொருளில் ஒவ்வொரு சந்தாவுக்கும் தனியாக ஒரு திரெட்டும் ஓடியது. இந்த நான்கையும் திருப்பித் தருகிற வேலை, "சந்தா ரத்து" என்ற ஒரே ஒரு செயல்கூறுக்குள் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தது. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. குறை, அந்தச் செயல்கூறை யார் கூப்பிடுகிறார்கள் என்பதில். சந்தாதாரர் ஒழுங்காக விடைபெற்றாலோ, இணைப்பு முடிந்தது என்று செய்தி வந்தாலோ மட்டுமே அது ஓடும். விடைபெறாமல் போனவரின் பட்டியல் பெயரும் வரிசையும் சொக்கெட்டும் திரெட்டும் அப்படியே கிடக்கும்.

சேர்வரின் மெமரி வரைபடத்தைப் பார்த்தால் படிப்படியாக ஏறியிருந்தது. கொஞ்ச நேரம் தட்டையாகப் போகும், பிறகு ஓர் ஏற்றம், திரும்பத் தட்டை. கசிவு என்று நாங்கள் சொல்கிற பெரும்பாலான பிழைகள் இப்படி இருக்காது. அவை சாய்வாக, சீராக ஏறும். ஏற்றங்கள் நடந்த நேரங்களை ஒரு பக்கமும் மின்வெட்டு அட்டவணையை மறுபக்கமும் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு ஏற்றமும் ஏதோ ஒரு எழுத்துப் பிரிவுக்குக் கரண்ட் திரும்பி வந்த நேரத்தோடு பொருந்தியது. கரண்ட் போகும்போது தோட்டத்துக் கணினிகள் சொல்லாமல் அணைந்தன. கரண்ட் வந்ததும் எல்லாம் எழும்பி, புதிதாகச் சந்தா பதிந்தன. பழையவை போகவில்லை. ஒரு நாளில் இரண்டு மூன்று தரம் இது நடந்தால், ஒரே கணினி பட்டியலில் அத்தனை தரம் இருக்கும்.

சேர்வரில் திறந்திருக்கும் இணைப்புகளைப் பட்டியலிட்டபோது, மஸ்கெலியாப் பக்கத்து ஒபிஸ் ஒன்றின் முகவரிக்கு எதிரே "எஸ்டாப்" என்று காட்டியது. இணைப்பு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அட்டவணைப்படி அந்தப் பக்கத்தில் அப்போது இருட்டு. அங்கே உள்ள கிளாக்கர் ஐயாவுக்குப் போன் எடுத்தேன்.

"ஐயா, ஒபிஸ் கம்ப்யூட்டர் ஓடுதுங்களா?"

"எங்க தம்பி! பகல் சாப்பாட்டுக்கு முன்ன போன கரண்ட். ஜெனரேட்டர பெக்டரிக்கு மட்டுந்தான் போடச் சொல்லி தொர சொல்லிட்டாரு. டீசல் இல்லியே."

"ரவுட்டர்ல லைட் எரியுதுங்களா?"

"ஒண்ணும் எரியல. நான் கதவப் பூட்டிட்டு வெளிய வெயில்ல ஒக்காந்திருக்கேன்."

அவர் வெயில் காய்கிறார். சேர்வர் அவருடைய கணினியோடு இணைப்பில் இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கிறது. டிசிபி நெறிமுறை அப்படித்தான் கட்டப்பட்டது. இரண்டு பக்கமும் பேசாமல் இருந்தால் இணைப்பு கெட்டுவிட்டது என்று அது முடிவு கட்டாது. இடையில் கேபிள் அறுந்து, ஒட்டி, மறுபடி வந்தாலும் இணைப்பு பிழைக்கவேண்டும் என்ற நல்ல எண்ணம் அதற்கு. மறுபக்கம் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கிற 'கீப்அலைவ்' வசதி உண்டு. ஆனால் 1989இல் வெளிவந்த ஆர்எஃப்சி 1122 என்ற இணையத் தர ஆவணம், அது இயல்பில் அணைந்தே இருக்கவேண்டும், போட்டாலும் இயல்பான இடைவெளி இரண்டு மணித்தியாலத்துக்குக் குறையக்கூடாது என்று எழுதி வைத்தது. லினக்ஸ் அதையே பின்பற்றுகிறது: 7200 செக்கன் காத்திருந்து, பிறகு 75 செக்கனுக்கு ஒன்றாக 9 தட்டு. மொத்தம் 2 மணித்தியாலம் 11 நிமிடம் 15 செக்கன்.

இதில் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. சேர்வர் ஏதாவது அனுப்ப முயன்றால் கதை வேறு. பதில் வராத பொதியை லினக்ஸ் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும். இயல்பான அமைப்பில் சுமார் 15 நிமிடத்தில் கைவிட்டு, இணைப்பு செத்தது என்று நிரலுக்குச் சொல்லும். ஆகவே ஓயாமல் தகவல் போகும் சந்தாக்கள், அதாவது "சூட்டு அளவை நிமிடத்துக்கு ஒரு தரம் அனுப்பு" என்ற மாதிரியானவை, கால் மணித்தியாலத்தில் தாங்களே அகப்பட்டுக்கொள்ளும். அகப்படாமல் தேங்கியவை எல்லாம் அமைதியான சந்தாக்கள். "டிஸ்க் பழுதானால் சொல்லு." "பெக்டரிக் கதவு இரவில் திறந்தால் சொல்லு." மாதத்தில் ஒரு நாள்கூட நடக்காத விஷயங்களுக்கான பதிவுகள். ஆனால் கண்காணிப்பு மென்பொருளை ஒருவர் காசு கொடுத்து வாங்குவதே அந்த அமைதியான சந்தாக்களுக்காகத்தான். கசிந்த குப்பையும் அவைதான், விலையுள்ள சரக்கும் அவைதான். "நீண்ட நேரம் சத்தமில்லாதவற்றை வெட்டு" என்ற சுலபமான வைத்தியம் அதனால் இங்கே செல்லாது.

இதற்கு முன்னால் என்ன வைத்தியம் நடந்தது என்றும் சொல்லவேண்டும். லினக்ஸில் ஒரு நிரல் திறந்து வைக்கக்கூடிய கோப்பு எண்களுக்கு வழக்கமான வரம்பு 1024. அது நிறைந்ததும் "டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்" என்று லொக்கில் எழுதிவிட்டு, புது இணைப்பு எதையும் சேர்வர் ஏற்காது. முதலில் வரம்பைக் கூட்டினார்கள். பிறகு இரவு இரண்டு மணிக்கு நிரலைத் தானாக ரீஸ்டார்ட் பண்ண ஏற்பாடு செய்தார்கள். இந்தத் தொழிலில் இரவு ரீஸ்டார்ட் ஓடாத நிறுவனத்தை நான் கண்டது குறைவு. பலர் அதைப் பராமரிப்பு என்றே கூப்பிடுகிறார்கள். எனக்கு அதில் வெறுப்புண்டு, காரணத்தோடுதான். ரீஸ்டார்ட் ஆனதும் செத்த சந்தாக்களோடு உயிருள்ளவையும் அழிந்துபோகும். தோட்டத்தில் உள்ள திரைக்கு அது தெரியாமல் போகச் சந்தர்ப்பம் உண்டு. அந்த நேரத்தில் போன் டவரின் பற்றரி ஓய்ந்திருந்தால், சேர்வர் அனுப்பும் விடைபெறல் பொதி போய்ச் சேராது. திரைக்காரர் தான் இன்னும் சந்தாவில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார். சேர்வருக்கு அவரைத் தெரியாது. திரையில் ஒன்றும் வராது. ஒன்றும் வராததை "எல்லாம் நலம்" என்று அவர் வாசிப்பார். மெமரி வீணாவதைவிட இது மோசம்.

இந்தப் பிழை கொழும்பில் ஏன் ஒருபோதும் தெரியவில்லை என்பது தனிக் கதை. சோதனை அறையில் சந்தாதாரர் நிரலை "கில் மைனஸ் நைன்" போட்டுக் கொன்று பார்த்திருந்தார்கள். அதைவிடக் கொடுமையான சாவு இல்லை என்று நினைத்தார்கள் போலும். நிரல் செத்தாலும் இயங்குதளத்தின் கருவான கெர்னல் உயிரோடு இருக்கிறதே! இறந்த நிரலின் சொக்கெட்டுகளை எல்லாம் கெர்னல் ஒழுங்காக மூடி, மறுபக்கத்துக்கு முடிவுப் பொதியை அனுப்பிவிடும். சேர்வருக்குச் செய்தி கிடைத்துவிடும், சுத்தமும் நடக்கும், சோதனையும் சித்தியடையும். மின்சாரம் போவதில் கெர்னலுக்கும் பேச வாய்ப்பில்லை. மலையில் இடைப்பருவத்தில் பின்னேர இடி இறங்கும்போது ரவுட்டரின் வயரைக் கிளாக்கரே கழற்றி விடுவார். அதிலும் யாருக்கும் பேச வாய்ப்பில்லை. இப்போது எங்கள் சோதனையில் ஒரு ரவுட்டரின் மின்வயரைப் பிடுங்குவது ஒரு படி. அது கைக்கெட்டாத இடமென்றால் தீச்சுவரில் 'டிராப்' விதி போடுகிறோம். 'ரிஜெக்ட்' போடக்கூடாது. ரிஜெக்ட் மறுபக்கத்துக்கு மரியாதையாகப் பதில் சொல்லிவிடும். நமக்கு வேண்டியது பதிலே வராத நிலை.

திருத்தத்துக்கு வருவோம். கீப்அலைவ் இடைவெளியை ஒரு நிமிடமாகக் குறைத்தால் போதும் என்று கொழும்பில் ஒரு கட்சி. பாதி உண்மை. கீப்அலைவுக்குப் பதில் சொல்வது மறுபக்கத்துக் கெர்னல். திரை நிரல் உறைந்துபோய், மவுஸை அசைத்தாலும் அசையாத நிலையிலும், விண்டோஸ் அடியில் இருந்து "இருக்கிறேன்" என்று பதில் சொல்லிக்கொண்டே இருக்கும். இடையில் ஏதாவது ப்ராக்ஸி இருந்தால் அதுவும் தோட்டத்துக்குப் பதிலாகத் தானே பதில் சொல்லும். நான் அறிய வேண்டியது சந்தாவைப் பதிந்த நிரலுக்கு அந்தச் சந்தா இன்னும் வேண்டுமா என்பது. அதை அந்த நிரலிடமே கேட்கவேண்டும்.

இதற்கு உலகம் கண்ட வழி குத்தகை. எங்கள் பக்கத்தில் அந்த ஏற்பாட்டை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 1992இல் தோட்டங்கள் பிராந்தியக் கம்பனிகளின் கைக்குப் போனபோதும் அரசு நிலத்தை விற்கவில்லை, 2045இல் முடிகிற 53 வருடக் குத்தகைக்குத்தான் கொடுத்தது. கணினியில் அதே ஏற்பாடு நிமிடக் கணக்கில் நடக்கிறது. கேரி கிரேயும் டேவிட் செரிட்டனும் 1989இல் எழுதிய ஆய்வுக்கட்டுரை, கோப்புகளின் பிரதிகளை வைத்திருக்கும் உரிமையைக் குறுகிய காலக் குத்தகையாகக் கொடுத்தால், ஒருவர் திடீரென்று மறைந்தாலும் மற்றவர்கள் அந்தக் காலம் முடியும் வரை காத்திருந்தால் போதும் என்று காட்டியது. வீட்டு ரவுட்டர் போனுக்கு முகவரி கொடுப்பதும் இதே முறைதான்: டிஎச்சிபியில் குத்தகைக் காலத்தில் பாதி கழிந்ததும் போன் புதுப்பிக்கக் கேட்கும். யூபிஎன்பி நெறிமுறையில் நிகழ்வுச் சந்தாவுக்கு 1800 செக்கன் என்ற காலம் பழக்கம். 2006இல் டபிள்யூ3சியிடம் சமர்ப்பிக்கப்பட்ட டபிள்யூஎஸ்-ஈவென்டிங்கில் சந்தாவுக்குக் காலாவதியும் புதுப்பித்தலும் உண்டு. பெக்டரி இயந்திரங்களில் வருகிற ஓபிசி யூஏ இன்னும் ஒரு படி போகிறது. அனுப்ப ஒன்றும் இல்லாத நேரத்திலும் சேர்வர் இடைக்கிடை வெற்றுத் தகவல் ஒன்றை அனுப்பி, தான் இருப்பதைக் காட்டவேண்டும். சந்தாவின் ஆயுட்கால எண் அந்த உயிர்க்குறி எண்ணின் மூன்று மடங்குக்குக் குறையக்கூடாது. ஒன்றிரண்டு குறி தவறினாலும் சந்தா சாகாது.

இத்தனை முன்னோடிகள் இருந்தும் சில நெறிமுறைகள் இதைப் பிந்தித்தான் கற்றன. எம்க்யூடிடி 1999இல் பாலைவனத்து எண்ணெய்க் குழாய்களைச் செய்மதி வழியாகக் கண்காணிக்கப் பிறந்தது. தொடர்பு அறுவது அதற்குப் பிறவிப் பழக்கம். அப்படியிருந்தும் அதன் 3.1.1 பதிப்பில், ஒரு நிரந்தர அமர்வு எப்போது காலாவதியாகும் என்று சந்தாதாரர் சொல்ல வழியில்லை. மீண்டும் வரவே வராத கருவிக்காகச் சேர்வர் தகவல்களை அடுக்கிக்கொண்டே இருக்கலாம். 2019இல் வந்த ஐந்தாம் பதிப்புதான் அமர்வுக் காலாவதியைச் சேர்த்தது.

எங்கள் மென்பொருளில் குத்தகையைப் பத்து நிமிடமாக வைத்தேன். அந்த எண் வானத்திலிருந்து விழவில்லை. பழைய லொக்குகளில் தொடர்பு அறுந்து திரும்பிய நேரங்களை எடுத்துப் பார்த்தபோது இரண்டு கூட்டம் தெரிந்தது. மழை, மூடுபனி, டவர் நெரிசல் போன்றவற்றால் அறுந்தவை பெரும்பாலும் இரண்டொரு நிமிடத்தில் ஒட்டிக்கொண்டன. மின்வெட்டால் அறுந்தவை மணித்தியாலக் கணக்கில் போயின. நடுவில் ஆள் நடமாட்டமே இல்லை. குத்தகையை அந்த வெற்றிடத்தில் வைத்தால், மழைக்குத் தவித்த சந்தாவை வெட்டவும் மாட்டோம், இருட்டில் போனதைக் காத்துக்கொண்டிருக்கவும் மாட்டோம். கொழும்பில் ஒருவர் 30 செக்கன் போதும் என்றார். அவருடைய அலுவலகத்துக்கு அது போதும். அக்கரப்பத்தனையில் 30 செக்கன் என்று வைத்தால், நல்ல சந்தாக்களைச் சாகடித்து மறுபடி பதிவதிலேயே சேர்வருக்கு நாள் முழுவதும் போகும்.

புதுப்பித்தல் மூன்று நிமிடத்துக்கு ஒரு தரம். அதோடு கொஞ்சம் முன்பின்னாக ஒரு தற்செயல் நேரத்தையும் கூட்டினோம். அது இல்லாவிட்டால் ஒரு பிரிவுக்குக் கரண்ட் திரும்பும் அந்த நிமிடத்தில் எல்லாக் கணினியும் ஒரே மூச்சில் வந்து கதவைத் தட்டும். பிறகு மூன்று நிமிடத்துக்கு ஒரு தரம் அதே கூட்டம் ஒன்றாகவே வரும். மின்வெட்டு அட்டவணை அவர்களை ஒரே தாளத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. தற்செயல் நேரம் அதைக் கலைத்தது.

அடுத்தது பெயர். முன்பு ஒவ்வொரு முறையும் சந்தாவுக்குச் சேர்வர் ஒரு புது எண் கொடுக்கும். இறந்து எழுந்த கணினி புது ஆளாகவே வரும். இப்போது ஒவ்வொரு கணினிக்கும் நிலையான ஓர் அடையாளம். அதே அடையாளத்தோடு வந்தால் புதிய சந்தா பழையதன் இடத்தில் உட்காரும். எம்க்யூடிடியிலும் அப்படித்தான்: அதே பெயரில் இன்னொருவர் வந்தால் பழைய இணைப்பைச் சேர்வர் துண்டிக்கவேண்டும். உண்மையைச் சொன்னால், தேக்கத்தின் பெரும்பகுதியை நிறுத்தியது இந்தச் சின்ன மாற்றம்தான். குத்தகைக்குப் பேர் கிடைத்தது. வேலையை அதிகம் செய்தது அடையாளம்.

மூன்றாவது, வரிசையின் நீளம். தொடர்பு அறுந்த ஒருவருக்காக எத்தனை தகவலை அடுக்கி வைப்பது? வரம்பில்லாமல் என்றால் அதுவே கசிவு. வரம்பு வைத்து, மிஞ்சியதைச் சத்தமில்லாமல் எறிந்தால் அது பொய். லினக்ஸின் ஐநோட்டிஃபை இதில் நேர்மையானது. கோப்பு மாற்றங்களைச் சொல்லும் அதன் வரிசை நிறைந்துவிட்டால், "நிரம்பி வழிந்துவிட்டது" என்ற ஒரு தகவலை மட்டும் கடைசியில் வைத்துவிட்டு மீதியை விட்டுவிடும். வாசிக்கிறவர் அதைக் கண்டதும் முழு நிலைமையையும் தானாகப் போய்ப் பார்த்துக்கொள்ளவேண்டும். நாங்களும் அதையே செய்தோம். திரும்பி வந்த திரை அந்தக் குறியைக் கண்டால், "உனக்குச் சில தகவல்கள் தவறிவிட்டன" என்று மஞ்சளில் ஒரு வரி காட்டிவிட்டு எல்லாவற்றையும் புதிதாக இழுக்கும். மஞ்சள் வரியை எடுத்துவிடச் சொல்லி வேண்டுகோள் வந்தது. பார்க்க அழகாக இல்லையாம். எடுக்கவில்லை.

சுத்தம் செய்கிற நிரல்வரிகளைப் பற்றி ஒரு வார்த்தை. சந்தா முடிய நான்கு வழி: அவராக விடைபெறுதல், சொக்கெட் பிழை, குத்தகை முடிதல், அதே அடையாளத்தில் இன்னொருவர் வருதல். நான்கும் ஒரே செயல்கூறுக்குத்தான் போகவேண்டும். அந்தச் செயல்கூறு இரண்டு தரம் ஓடினாலும் கேடு வரக்கூடாது. ஏனென்றால் இரண்டு தரம் ஓடும். குத்தகை முடிந்த அதே கணத்தில் சொக்கெட்டும் முறியும். முன்பு பட்டியலிலிருந்து பெயரை நீக்கியும் மெமரி குறையாத சந்தர்ப்பம் ஒன்று இருந்தது: அனுப்பும் திரெட் வரிசையில் தகவல் வரும் என்று தூங்கிக்கொண்டிருந்தது, அதன் கையில் வரிசை, வரிசையின் கையில் அமர்வு. பட்டியல் மறந்தாலும் திரெட் மறக்கவில்லை. வரிசையில் ஒரு முடிவுக் குறியைப் போட்டுத் திரெட்டை எழுப்பி அனுப்பிய பிறகுதான் எல்லாம் விடுபட்டது. இதற்கு 'வீக் ரெஃபரன்ஸ்' போட்டால் குப்பை சேகரிப்பான் பார்த்துக்கொள்ளும் என்பார்கள். பார்த்துக்கொள்ளும், தனக்கு நேரம் வரும்போது. சொக்கெட்டை அதனிடம் ஒப்படைக்க எனக்கு மனமில்லை.

இவ்வளவும் எங்கள் கையில் உள்ள சேர்வர். தோட்டத்து ஒபிஸ்களில் உள்ள பழைய விண்டோஸ் கணினிகள் வேறு உலகம். விண்டோஸோடு வரும் மேலாண்மை வசதியான டபிள்யூஎம்ஐயில் இரண்டு வகைச் சந்தா உண்டு. தற்காலிகமானது, பதிந்த நிரலோடு போய்விடும். நிரந்தரமானது மூன்று துண்டாக டபிள்யூஎம்ஐயின் களஞ்சியத்தில் எழுதப்படும்: எதைக் கவனிப்பது என்ற வடிகட்டி, நடந்தால் என்ன செய்வது என்ற நுகர்வி, இரண்டையும் கட்டுகிற முடிச்சு. கணினியை எத்தனை தரம் அணைத்துப் போட்டாலும் அது அழியாது. அதைப் பதிந்த மென்பொருளை நீக்கினாலும் பல நேரம் அழியாது. வடிகட்டியில் "10 செக்கனுக்குள்" என்று எழுதியிருந்தால், கேட்பாரற்ற அந்தச் சந்தாவுக்காக விண்டோஸ் 10 செக்கனுக்கு ஒரு தரம் தேடிப் பார்த்துக்கொண்டே இருக்கும். டபிள்யூஎம்ஐ வழங்கி ஒவ்வொன்றுக்கும் 4096 ஹேண்டில், 512 எம்பி என்று வழக்கமான உச்சவரம்பு உண்டு. அதை எட்டினால் அந்த வழங்கி வழியான கண்காணிப்பு வாயை மூடிவிடும்.

இன்னொரு சிக்கல், ஊடுருவுகிறவர்களுக்கும் இந்த இடம் பிடித்தமானது. கோப்பாக எங்கும் கண்ணில் படாமல், நேரம் வரும்போது ஒரு கட்டளையை ஓடவைக்க நிரந்தரச் சந்தா நல்ல ஒளிப்பிடம். ஆகவே யாரோ விட்டுப்போன சந்தாவும் திருடன் வைத்த சந்தாவும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். கொழும்பில் பாதுகாப்புப் பிரிவு பட்டியலைக் கண்டதும் எல்லாவற்றையும் அழித்துவிடச் சொன்னது. விண்டோஸே தன்னோடு கொண்டுவருகிற 'எஸ்சிஎம் ஈவென்ட் லொக்' சந்தாவும் அந்தப் பட்டியலில் இருந்தது என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டியிருந்தது.

எங்களோடு வேலை செய்யும் தலவாக்கலைத் தம்பி ஒருவர் பவர்ஷெல்லில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினார். எல்லாக் கணினியிலிருந்தும் நிரந்தரச் சந்தாக்களைத் திரட்டி, பக்கத்தில் "உரியவர்" என்று ஒரு பத்தியையும் வைத்தார். பாதிக்குமேல் வெறுமை. நீக்குவதற்கு நாங்கள் வைத்த முறை இது: முதலில் முடிச்சை மட்டும் அவிழ்ப்பது. வடிகட்டியும் நுகர்வியும் களஞ்சியத்திலேயே இருக்கும். தேவை என்றால் ஒரு வரியில் திரும்பக் கட்டிவிடலாம். ஒரு மாதம் யாரும் கேட்காவிட்டால் மீதியையும் நீக்குவது. அதில் ஒன்று, ஒரு பெக்டரிக் கணினியில் ஒரு கோப்புறையைக் கவனித்துக்கொண்டிருந்தது. அங்கே புதுக் கோப்பு விழுந்தால் ஒரு ஸ்கிரிப்டை ஓட்டும். எழுதியவர் வேலையை விட்டு எவ்வளவோ காலம். கோப்புறை வெறுமையாக இருந்தது. சந்தேகத்துக்கு இடமில்லாத குப்பை என்று பட்டது. முடிச்சை அவிழ்த்தோம்.

மூன்றாம் வாரம் இரவில் அந்தப் பெக்டரியின் டீமேக்கர் போன் எடுத்தார்.

"தம்பி, ட்ரையர் சூடு எறங்கிருச்சு. எறங்கினா எனக்கு எஸ்எம்எஸ் ஒண்ணு வருமே, இன்னைக்கு வரல்ல. நல்லவேள நான் பக்கத்துல நின்னேன்."

"முன்னால எப்பங்க ஐயா வந்துச்சு?"

"போன வருஷம் ஒருக்கா வந்துச்சு."

ட்ரையரின் சூடு இறங்கும்போது அந்தக் கோப்புறையில் விழும் கோப்புதான் எஸ்எம்எஸ்ஸை அனுப்ப வைத்திருக்கிறது. கொட்டகலையிலிருந்தே முடிச்சைத் திரும்பக் கட்டினேன். சோதனைக்கு ஒரு கோப்பை அந்தக் கோப்புறையில் போடச் சொன்னேன். அவருடைய போனுக்கு எஸ்எம்எஸ் போனது. உரியவர் பத்தியில் தம்பி டீமேக்கரின் பெயரைத் தட்டிவிட்டு, அந்த எஸ்எம்எஸ்ஸை எங்கள் சேர்வருக்கு மாற்றுகிற வேலையை அடுத்த கிழமைப் பட்டியலில் சேர்த்தார்.